கைத்தட்டலுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம்

குடியை நிறுத்தி நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் ஆகின்றன. நான் ஒரு மேடைப் பாடகன். எப்படி நிறுத்தினீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களில் பலர், பத்திரிகைகள் எழுதிய 'மனவுறுதி' என்ற ஒற்றைச் சொல்லையே விடையாக எதிர்பார்க்கிறார்கள். அந்தச் சொல் உண்மையன்று. மனவுறுதியை மட்டும் நம்பி நான் நிறுத்த முயன்றபோது என் உயிர் போகும் நிலை வந்தது. என்னைக் காப்பாற்றியது நீண்ட ஒரு சிகிச்சை. அதில் மருத்துவர்கள் இருந்தார்கள், மாத்திரைகள் இருந்தன, வட்டமாகப் போடப்பட்ட நாற்காலிகள் இருந்தன, நடுவில் மோசமான ஒரு சறுக்கலும் இருந்தது. இவற்றை வரிசையாகச் சொன்னால் இப்போது அந்தப் பாதையில் நிற்கும் யாருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறேன். பெயரைக் குறிப்பிடாமல் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புகழ்தான் என்னைக் குடிகாரனாக்கியது என்று நான் சொல்ல மாட்டேன். மேடை ஏறுவதற்கு முன்பே, பதற்றத்தை அடக்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியவன் நான். ஆனால், குடியின் விளைவுகள் என்னை வந்து சேராதபடி புகழ் பதினான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டது. வேறு ஒரு வேலையில் இருப்பவர் காலையில் கை நடுங்க வந்து நின்றால் மேலதிகாரி கேட்பார், சம்பளம் போகும், ஒரு நாள் வேலையும் போகும். நான் வரவில்லை என்றால் 'கடுமையான காய்ச்சல்' என்று ஓர் அறிவிப்பு வெளியாகும், நலம் பெற வேண்டி ரசிகர்கள் கடிதம் எழுதுவார்கள். என் ஓய்வறையில் எந்த மது எத்தனை பாட்டில் இருக்க வேண்டும் என்பது நிகழ்ச்சி ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக இருந்தது. கடைசி மூன்று ஆண்டுகளில், முந்தைய இரவின் போதை இறங்கும்போது வரும் கை நடுக்கத்தை மறைக்க நான் மைக்கை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு பாடினேன். அதை என் தனிப்பாணி என்று எழுதினார்கள்; இளம் பாடகர்கள் சிலர் அதைப் பின்பற்றவும் செய்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்றும் என்னால் சரியாக விவரிக்க முடியவில்லை.

ஒரு நிகழ்ச்சியில், ஆயிரம் முறைக்கு மேல் பாடிய என் சொந்தப் பாடலின் இரண்டாவது சரணம் முழுவதுமாக மறந்துபோனது. நான் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினேன். அவர்கள் அதைப் பாடி முடித்து, தங்களுக்குப் பாட வாய்ப்பளித்ததற்காக எனக்கே கைத்தட்டினார்கள். அன்றிரவு எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது, பதினெட்டு ஆண்டுகளாக என்னுடன் இருந்த ஒலிப்பொறியாளர் மட்டும் அருகில் வந்து, "தம்பி, நீ மறந்தது எனக்குத் தெரியும். இனி நீ குடித்துவிட்டு ஏறும் மேடைக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தம் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். என்னைச் சுற்றியிருந்த இருபது பேருடைய வருமானமும் நான் மேடையேறுவதைப் பொறுத்தே இருந்தது, அவருடையதும் அப்படித்தான். அதை இழக்கத் துணிந்து முடியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அமெரிக்க அதிபரின் மனைவியாக இருந்த பெட்டி ஃபோர்டை 1978-இல் அவருடைய குடும்பத்தினரே ஒன்றுகூடி நேருக்கு நேர் எதிர்கொண்டதால்தான் அவர் சிகிச்சைக்குச் சென்றார் என்பதையும், அதன்பின் 1982-இல் அவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை மையம் தொடங்கப்பட்டதையும் பிற்பாடு அறிந்தபோது, எனக்கு அந்த மூடிய பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

அவமானத்திலும் கோபத்திலும் அன்றே நிறுத்திவிடுவதென்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் ஓர் அறையைப் பூட்டிக்கொண்டேன். என்னிடம் இருந்தது மனவுறுதி மட்டும்தான். மறுநாள் காலையில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கின. ஏறத்தாழ முப்பதாவது மணி நேரத்தில் எனக்கு வலிப்பு வந்தது. தலை மேசையில் மோதிய சத்தம் பக்கத்து அறைக்காரருக்குக் கேட்டதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தானது என்பது எனக்கு அன்று தெரியாது. மூளையைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது, தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது மூளை ஈடுகட்டுவதற்காகத் தன் தூண்டுதலை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. மது சட்டென்று விலகியதும் தணிப்பு இல்லாமல் தூண்டுதல் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதனால் கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், டெலிரியம் டிரெமென்ஸ் எனப்படும், உயிரையே பறிக்கக்கூடிய குழப்ப நிலை ஏற்படலாம்.

மருத்துவமனையில் என்னைப் போலிப் பெயரில் தனி அறையில் சேர்க்க வேண்டும் என்று என் மேலாளர் வற்புறுத்தினார். நோயாளியின் விவரம் எப்படியும் வெளியே போகாது, ஆனால் செவிலியரின் கண்பார்வையில் இருக்கும் படுக்கைதான் இவருக்குத் தேவை என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அந்த ஐந்து நாட்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து என் கைகளை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்ப்பார். வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி என்று பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் இடுவார். அதற்கேற்ப, நரம்புகளைத் தணிக்கும் லோராசிபாம் மாத்திரையின் அளவு கூடும் அல்லது குறையும். என் கல்லீரல் நலிந்திருந்ததால், அதற்கு அதிகம் சுமை தராத அந்த மருந்தைத் தேர்ந்ததாக விளக்கினார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகச் செலுத்தினார்கள். நெடுநாள் குடித்தவருக்கு இந்த வைட்டமின் வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடக்கூடும். சரணத்தை மறந்த எனக்கு அதைக் கேட்டு உடம்பு சிலிர்த்தது.

மூன்றாம் இரவு எனக்குக் கைத்தட்டல் கேட்டது. முதலில் தொலைவிலிருந்து, பிறகு படுக்கையின் கால்மாட்டிலிருந்து, ஒரு பெரிய அரங்கம் எழுந்து நின்று தட்டுவது போன்ற ஓசை. நான் எழுந்து உட்கார்ந்து வணங்கவும் செய்தேன் என்று பின்னர் சொன்னார்கள். அன்று பணியில் இருந்த செவிலியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கே யாரும் தட்டவில்லை ஐயா, இது நாளைக்குள் நின்றுவிடும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று விடியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். என் வாழ்வில் நான் கேட்ட ஓசைகளில் அதைப் போல என்னை அச்சுறுத்தியது வேறொன்றும் இல்லை.

உடலிலிருந்து மது வெளியேற ஒரு வாரம் போதுமாயிருந்தது. சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது என்றார்கள். அடுத்த முப்பது நாட்கள் ஒரு மறுவாழ்வு மையத்தில் தங்கினேன். காலையில் எழுந்து படுக்கையை மடிப்பது, முறைவைத்துப் பாத்திரம் கழுவுவது, நாளுக்கு இருமுறை குழுவாக உட்கார்ந்து பேசுவது என்பவைதான் அங்கு வாழ்க்கை. குழுவில் நான் முதன்முதலில் என் கதையைச் சொன்னபோது எல்லோரும் அழுதார்கள். முடிந்த பிறகு ஆலோசகர் என்னைத் தனியே அழைத்து, எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தே நான் பேசியதாகவும், நாளை எழுந்து நிற்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், யாரிடம் என்ன பொய் சொன்னேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டும் என்றும் கூறினார். மறுநாள் நான் பேசியது நான்கே வாக்கியங்கள். அவற்றில் ஒன்று, என் தந்தையின் இறுதி நாட்களில் வெளியூர் நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டு ஓர் அறையில் குடித்துக்கொண்டிருந்தது பற்றியது. யாரும் அழவில்லை. அருகில் இருந்தவர் தம் நாற்காலியைச் சற்று நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

மருந்துகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மாத்திரையால் குடியை நிறுத்துவது இழுக்கு என்று எண்ணுபவர்களை நான் நிறையச் சந்திக்கிறேன். டைசல்ஃபிராம் என்ற மருந்தை உட்கொண்டிருக்கும்போது குடித்தால், மது சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உடலில் தேங்கி முகச்சிவப்பும் வாந்தியும் படபடப்பும் வரும். தொண்டையில் அடிக்கும் மருந்திலும் வாய் கொப்பளிக்கும் திரவத்திலும் உள்ள ஆல்கஹால்கூட ஒத்துக்கொள்ளாது என்பதால் பாடகனான எனக்கு அது சரிப்படாது என்றார் மருத்துவர். நால்ட்ரெக்ஸோன் குடியின் கிளர்ச்சியை மங்கச் செய்யும். எனக்குக் கொடுத்தது, குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட். அது கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் எனக்குப் பொருந்தியது. நாளுக்கு மூன்று வேளை என ஓராண்டு உட்கொண்டேன். யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெளியே வந்ததும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குச் செல்லத் தொடங்கினேன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் ஒருவர் மற்றவரிடம் தம் குடியைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர உறுப்பினராக வேறு தகுதி எதுவும் தேவையில்லை. பத்திரிகையிலும் வானொலியிலும் திரையிலும் உறுப்பினர் தம் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது அதன் மரபுகளில் ஒன்று. நான் பெயர் சொல்லாததற்குக் காரணம் அதுதான். முதலில் அதை என் மானத்தைக் காக்கும் ஏற்பாடாகவே புரிந்துகொண்டேன். புகழ்பெற்ற ஒருவர் இந்த வழியின் முகமாகிவிட்டால், அவர் வழுக்கும் நாளில் வழியே பொய் என்று புதியவர் ஒருவர் திரும்பிப் போய்விடுவார் என்பதை என் ஸ்பான்சர், அதாவது அங்கே எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்தான், புரிய வைத்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்காளர்; இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடிக்காதவர்; என் பாடல் ஒன்றைக்கூட அவர் கேட்டதில்லை என்பதை அறிந்தபோது நான் அடைந்த ஆறுதல் பெரிது.

அவர் அஞ்சியபடியே நான் வழுக்கினேன். துயரத்தில் அல்ல, எட்டாவது மாதத்தில் ஒரு விருது கிடைத்த இரவில். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் வரும்போது எச்சரிக்கையாக இரு என்று கற்பித்திருந்தார்கள். பெருமகிழ்ச்சியும் அந்த வரிசையில் சேரும் என்று நான் எண்ணவில்லை. வாழ்த்துச் சொல்ல நீட்டப்பட்ட ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டேன். பதினொரு நாட்கள் கழித்துத்தான் நிறுத்தினேன். அப்போது மருத்துவர் என்னைத் திட்டவில்லை, ஆனால் ஒன்றை மிகத் தெளிவாகச் சொன்னார். குடிக்காமல் இருந்த காலத்தில் உடல் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. பழைய அளவுக்கே திரும்பினால் அதுவே நஞ்சாகும். பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலையில், 27 வயதில், சில காலம் விலகியிருந்து மீண்டும் குடித்தபோதுதான் இறந்தார். அவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 416 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்ததாக மரண விசாரணையில் பதிவானது. நான் அவருடைய குரலை நேசித்தவன். அந்த எண்ணை இன்றும் மறக்கவில்லை.

அதனால் என் கணக்கு அந்தப் பன்னிரண்டாம் நாளிலிருந்து தொடங்குகிறது. நடிகர் ஆந்தனி ஹாப்கின்ஸ் தாம் குடியை விட்ட 1975 டிசம்பர் 29-ஐ இன்றளவும் நாள் தவறாமல் நினைவுகூர்வதைப் போல, நானும் அந்தத் தேதியை மேசையில் எழுதி வைத்திருக்கிறேன்.

மேடைக்குத் திரும்புவதற்கு மேலும் ஏழு மாதங்கள் ஆயின. பாடுவதைவிட, பாடி முடித்த பின்வரும் நேரமே எனக்கு ஆபத்தானது என்பதைச் சிகிச்சையில் கண்டுகொண்டேன். பல்லாயிரம் பேரின் ஆரவாரம் சட்டென்று அறுந்து, ஒரு மூடிய கதவுக்குள் நான் மட்டும் நிற்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் உடல் இன்னும் மேடையிலேயே இருக்கும். அதை இறக்குவதற்குத்தான் நான் குடித்தேன். எனவே அந்த நேரத்துக்கென ஒரு திட்டம் வகுத்தோம். ஒப்பந்தத்திலிருந்த அந்த வரி நீக்கப்பட்டது. பாடி முடித்த பத்தாவது நிமிடத்தில் ஸ்பான்சருக்குத் தொலைபேசி. பிறகு வயிறு நிறையச் சாப்பாடு. பிறகு குழுவில் ஒருவருடன் நடை. தனியே அறைக்குப் போவதில்லை. இந்தத் திட்டத்தை ஏற்க மேலாளர் முதலில் தயங்கியது உண்மை, எனினும் இன்று அதை என்னைவிடக் கண்டிப்பாகக் காப்பவர் அவரே.

போதையில்லாமல் ஏறிய அந்த முதல் மேடையில் என் கைகள் மீண்டும் நடுங்கின. பயம்தான். என் மூச்சு எனக்குக் கேட்டது, முன்வரிசையில் ஒரு குழந்தை தூங்குவது தெரிந்தது, தாளம் நான் நினைத்திருந்ததைவிட வேகமாக ஓடுவதாகத் தோன்றியது. அழைக்கும் துணிவின்றி நான் செய்தி மட்டும் அனுப்பியிருந்த ஒலிப்பொறியாளர், அரங்கின் பின்புறம் தம் மேசைக்கு முன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கதவருகே வந்து காத்திருந்தார். பேசி முடித்ததும், "இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் இழுக்கிறாய் தம்பி, நாளை ஒத்திகையில் சரிசெய்துவிடலாம்" என்றார். பிறகு நாங்கள் இருவரும் சாப்பிடப் போனோம்.