பெட்டியின் வரிசை

நவம்பர் 4, திங்கள்

ஏழாம் வகுப்பு, தோல்பாவைக்கூத்து. 34 பிள்ளைகள், ஒரு பழைய வேட்டி, ஒரு பல்பு. வேட்டியைக் கட்டி முடிக்கும் முன்பே எல்லோரும் முன்பக்கம் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம் அப்படி. "எழும்புங்க மக்களே, பின்னால வாங்க" என்றேன். 34 பேரும் திரைக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருத்தியை மட்டும் முன்னால் அனுப்பினேன். அனுமன் பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தேன், பிறகு மெல்ல விளக்குப் பக்கம் இழுத்தேன். அவள் அங்கிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். "பெரிசாவுது சார். இப்ப கலங்குது. போயிட்டு!" பின்னால் நின்றவர்களுக்கு அனுமன் போகவே இல்லை, என் கையில்தான் இருந்தான். அவளைப் பார்க்கவா, என் கையைப் பார்க்கவா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு அது போதும்.

ஆஸ்பத்திரியில் ஆயி, எங்கள் அம்மா, அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

நவம்பர் 5, செவ்வாய்

பெட்டி கலைந்துவிட்டது. நேற்று மணி அடித்ததும் பிள்ளைகள் உதவி செய்வதாக நினைத்துப் பாவைகளைக் கையில் கிடைத்தபடி உள்ளே போட்டுவிட்டார்கள். ராவணன் தலைக்குக் கீழே சீதை. மரவுரி ராமனும் பட்டாபிஷேக ராமனும் ஒன்றன்மேல் ஒன்று. அப்பா இருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார். ராமன் பக்கத்து ஆட்களையும் ராவணன் பக்கத்து ஆட்களையும் அவர் முகத்துக்கு முகம் வைக்கவே விடமாட்டார்.

இரவு பத்து மணியிலிருந்து அடுக்கினேன். முடியவில்லை. எனக்குக் கதை தெரியும், பாட்டு தெரியும், பத்து நாள் ராமாயணத்தையும் ஒரே தொண்டையில் சொல்லிவிடுவேன். பெட்டியின் வரிசை எனக்குத் தெரியாது. அது ஆயியின் வேலை. ஆர்மோனியத்தில் ஒரு கை, பெட்டியில் ஒரு கை. நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டுவேன், அடுத்து வரவேண்டியது கைக்கு வந்துவிடும். அவளும் பெட்டியைப் பார்ப்பதில்லை. பாவையின் துளைகளைத் தடவியே இன்னார் என்று சொல்வாள். லட்சுமணன் தோளில் துளை நெருக்கம், பரதனுக்கு அகலம். இத்தனை வருஷமாக நான் ஒரு முறையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

வாலியைக் காணவில்லை.

நவம்பர் 6, புதன்

ஆயியின் வலது கை அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

வாலி கிடைத்தான். வகுப்பு அலமாரிக்குப் பின்னால். காலில் ஒரு கிழிசல்.

நவம்பர் 8, வெள்ளி

இன்று தோல். பாதி பதப்படுத்திய ஒன்றைக் கொண்டுபோனேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். சரி, அதுவும் தெரியட்டும். வெள்ளாட்டுத் தோலை ஊறவைத்து, முடியைச் சுரண்டி, இழுத்து ஆணியடித்துக் காயவைத்தால் அது கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விடும். அந்த வெளிச்சம் வராத தோல் பாவைக்கு ஆகாது. பிறகுதான் வரைவது, உளி வைத்துத் துளை போடுவது, சாயம் ஏற்றுவது. துளை அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். நகையும் புடவைக் கரையும் துளையில்தான் தெரியும். சாயம் மங்கிப் போனாலும் துளை மங்காது.

கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பையன் எழுந்து, "குட்டித் தோல்தான் சார் மெலிசு. கிடாத் தோலு முரடு" என்றான். அவன் அப்பாவுக்குக் கறிக்கடை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. தோலை எப்படி உரிக்க வேண்டும், கத்தி எங்கே பட்டால் ஓட்டையாகும் என்றெல்லாம் அவன் சொன்னான், நான் கேட்டுக்கொண்டேன். மணி அடித்தபோது முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

தாத்தாவின் மான் தோல் சீதையையும் காட்டினேன், தொடவிடவில்லை. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு மான் தோலுக்கு வழியில்லை. வழியில்லாமல் போனதே நல்லது என்றுதான் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஆனால் விளக்குக்கு முன் அந்த ஒரு சீதை நின்றால் மற்ற எல்லாப் பாவையும் கொஞ்சம் கனத்துத் தெரிகிறது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

ஈரக் காற்று. பெட்டிக்கு வெயில் காட்ட வேண்டும், வெயிலைத்தான் காணோம்.

நவம்பர் 9, சனி

வார்டில் நர்ஸ் கேட்டார், "பாட்டி என்ன பாஷை பேசறாங்க?" மராட்டி என்றேன். "வடக்கேயா?" இல்லை, நாகர்கோவில்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. 1670களில் மராட்டிய ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்ததிலிருந்து தொடங்கினால்தான் புரியும். மராட்டிய ராஜாக்கள் காலத்தில் தஞ்சைக்கு வந்தவர்கள் நாங்கள் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அதன்பிறகு ஊர் ஊராக, பெட்டியோடு, மதுரை, நெல்லை, குமரி. வீட்டுக்குள் மராட்டி, திரைக்குப் பின்னால் தமிழ். ஆயிக்கு இப்போது தமிழ் வரவில்லை. எழுபது வருஷம் பேசிய தமிழ். திரும்பும் என்கிறார் டாக்டர், எப்போது என்று சொல்லவில்லை.

நர்ஸுக்காக ஒன்றை மொழிபெயர்த்தேன். "விளக்கு அதிகமாக இருக்கிறது, இறக்கு" என்கிறாள். டியூப் லைட்டை எப்படி இறக்குவது? அணைத்தார்கள். தூங்கினாள்.

நவம்பர் 11, திங்கள்

34 பேருக்கும் தோலுக்கு எங்கே போவது. பழைய எக்ஸ்ரே பிலிம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கைமுறிவு, மார்புச்சளி, ஒரு தாத்தாவின் இடுப்பு எல்லாம் வந்தன. பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்து நாரால் தேய்த்தால் கறுப்பு கழன்று தெளிந்துவிடும். மேலே மார்க்கர் பேனாவால் கலர், தென்னை ஈர்க்கு பிடி, மூட்டுக்கு நூல் முடிச்சு. பிலிம் இல்லாதவர்களுக்கு அட்டை, வெட்டிய இடத்தில் கலர் தாள்.

பவுடர் கரைத்த வாளியை நான் மட்டும் தொட்டேன். என் பையிலிருந்து பிலிம்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த பையன், "சார் இது நல்ல பெரிசு, நாலு பாவை வெட்டலாம்" என்றான்.

ஆயியின் ஸ்கேன். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்தேன், எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. கை நடுங்கியது. இரட்டைச் சடை போட்ட பெண், "யாருக்கு சார்?" என்று கேட்டாள். "எங்க அம்மாவுக்கு." ஜன்னலில் பிடித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். மண்டையின் வட்டங்கள் வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கறுப்பாக ஒரு தடம். வெளிச்சம் வராத இடம். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன், அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்று. அதன்பிறகு மணி அடிக்கும் வரை யாரும் சத்தம் போடவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

தூக்கமில்லை. பிலிமை இப்போது பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

தலைமையாசிரியை நல்ல மனுஷி. தன் கைக்காசில் பல்பு, வயர் எல்லாம் வாங்கித் தந்தவர். இன்று, "நாளைக்குக் குழந்தைகள் தினத்துக்கு டெங்கு பற்றி ஒரு பாவைக்கூத்து போடலாமா சார்?" என்றார். எங்கள் அப்பாவும் குடும்பக் கட்டுப்பாட்டைக் கூத்தில் சொன்னவர்தான். கூத்தின் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எதை வேண்டுமானாலும் பேசலாம், அதற்காகத்தான் இருக்கிறார்கள். கொசுவை அவர்கள் வாயில் வைக்க எனக்குத் தடையில்லை. ஆனால் முழுக்கூத்தும் அதுவே என்றால் பாவை வேண்டாம், ஒரு நோட்டீஸ் போதும். பிள்ளைகள் இரண்டு வாரமாக வாலி சுக்ரீவன் சண்டைக்குக் கால் தட்டிப் பழகுகிறார்கள். மரத்துக்குப் பின்னால் நின்று அம்பு விட்டது சரியா என்று தாங்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அதை எடுத்துவிட்டுக் கொசுவை வைக்க முடியாது. கோபமில்லாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிஷம் கொசுவுக்கு, மீதி வாலிக்கு என்று முடிந்தது.

2022லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, பிள்ளைகளுக்கு மேடை கிடைக்கிறது, அதெல்லாம் சந்தோஷம். மேடையும் பரிசும் முன்பக்கத்துக்கு. வேட்டிக்குப் பின்னால் ஒருவன் தோள்மேல் ஒருவன் சாய்ந்து, ஒருவன் மூச்சை ஒருவன் கேட்டு நிற்பதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? 40 நிமிஷ பீரியடில் என்னால் செய்ய முடிகிறது அதைத்தான். வரைவதற்கு டிராயிங் சார் இருக்கிறார்.

நவம்பர் 14, வியாழன்

போட்டாயிற்று. யாரோ பல்பை மாற்றி எல்இடி வைத்துவிட்டார்கள். அதற்குள் பத்துப் பதினைந்து புள்ளிகள், திரையைவிட்டு எட்டப் பிடித்த பாவைக்கெல்லாம் பத்து ஓரம். வாலி பேய் மாதிரி தெரிந்தான். பிள்ளைகள் பயப்படவில்லை, "ஒட்டிப் பிடி, ஒட்டிப் பிடி" என்று உள்ளேயே கத்திக்கொண்டார்கள். ஒட்டிப் பிடித்ததும் தெளிந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை அதை.

கறிக்கடைப் பையன்தான் வாலி. விழுந்த பிறகும் ஈர்க்கை அசைத்து மூச்சு வாங்கினான். முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆயியிடம் போய்ச் சொன்னேன். கேட்டாளா தெரியவில்லை.

நவம்பர் 16, சனி

ஆயியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அக்கா மதுரையிலிருந்து வந்திருக்கிறாள். மாத்திரைக்கு அவள் ஒரு வரிசை போட்டிருக்கிறாள், நான் தொடக்கூடாதாம்.

மழை.

நவம்பர் 18, திங்கள்

இரட்டைச் சடைக்காரி இன்று ஒன்று செய்தாள். யாரும் கேட்கவில்லை. பெட்டிப் பக்கத்தில் தானாகவே உட்கார்ந்து, ஆடுகிறவர்களுக்குப் பாவையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். முதலில் மாற்றிக் கொடுத்தாள், தாரை வரவேண்டிய இடத்தில் அங்கதன். பிறகு ஒரு நோட்டில் யார் எப்போது வருவார்கள் என்று எழுதிக்கொண்டாள். மூன்றாவது தடவை நோட்டைப் பார்க்கவில்லை. "உனக்கு ஆட வேண்டாமா?" என்று கேட்டேன். "இதுதான் சார் பிடிச்சிருக்கு."

எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. ஆயி பெயரை யாரும் மைக்கில் சொன்னதில்லை. கூத்துக் கலைஞர் என்ற அடையாள அட்டை அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, ஆயிக்கு யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அந்த நோட்டை ஒரு நாள் இரவல் கேட்டேன். கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 19, செவ்வாய்

வரிசையை எழுதத் தொடங்கினேன். முதல் நாள் கதை மட்டும். ஆயி கட்டிலில், பெட்டி தரையில். ஒவ்வொன்றாக இடது கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தாள், சிலதைத் தள்ளினாள், சிலதை மடியில் வைத்துக்கொண்டாள். தசரதனுக்குப் பிறகு நான் கைகேயியை நீட்டினேன். தள்ளினாள். கோசலையை நீட்டினேன். தள்ளினாள். அரை மணி நேரம். கடைசியில் இடது கையை அவளே பெட்டிக்குள் விட்டு எடுத்தது உச்சிக்குடும்பனை. ஆமாம், யாகம் என்று தண்டோரா போட முதலில் அவன்தான் வருவான். நான் குரல் கொடுத்த இடம், எனக்கு நினைவில்லை.

அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நவம்பர் 20, புதன்

பிசியோதெரபிக்கு வரும் பெண் பஞ்சுப் பந்து ஒன்று கொடுத்திருக்கிறாள், வலது கையால் அமுக்க வேண்டும். ஆயி அதைத் தொடவில்லை. பந்துக்குப் பதில் ஒரு பாவையின் பிடியை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பிடித்தால் போதும், எதுவாக இருந்தாலும் சரி என்றாள்.

பிடிக்கவில்லை. விழுந்தது. மறுபடி வைத்தேன், விழுந்தது. கோபம் வந்தது, அவள் மேல் இல்லை, யார் மேல் என்றும் இல்லை. முற்றத்தில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 21, வியாழன்

23 பெயர் எழுதியாயிற்று. முதல் நாள் இன்னும் முடியவில்லை. விசுவாமித்திரர் வரும் இடத்தில் "திவா" என்றாள். தெளிவாக. விளக்கு. அங்கே விளக்கைக் குறைக்க வேண்டும் என்கிறாளா, அறை விளக்கைச் சொல்கிறாளா? இரண்டையும் குறைத்துப் பார்த்தேன்.

நாளை நாலாவது பீரியட். நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் கற்பூரம் தீர்ந்துவிட்டது, பரதன் முதுகில் பூஞ்சை