தாடைக்கும் பயிற்சி உண்டு

ஜனவரி 20
காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார் பிசியோ மிஸ். ஏதோ ஒன்று டக்கென்று நகர்வது விரலுக்குத் தெரிந்தது. அதுதான் தாடை மூட்டு. வாய் திறக்கத் தொடங்கும்போது எலும்பின் தலை சுழலும், இன்னும் திறந்தால் முன்னுக்கு வழுக்கும், இடையில் மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது, அது விலகித் திரும்ப உட்காரும்போது சத்தம் வரும். நோ இல்லாத சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்லையாம். எனக்கு நோவும் இருக்கிறது, வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்குதில்லை. முதலில் போன இடத்தில், எக்ஸ்ரேயில் பல்லுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாம் என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஜனவரி 23
நாக்கு நுனியை 'ன' சொல்லும் இடத்தில், மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் ஒட்டிவைத்து, அது விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்தால் மூட்டு பெரும்பாலும் சுழல மட்டும் செய்யும். நாடி, அதாவது முகவாய், ஒரு பக்கம் கோணாமல் நேரே இறங்குகிறதா என்று கண்ணாடியில் பார்க்கணும். அப்புறம் நாடிக்குக் கீழே பெருவிரலை வைத்துத் தடுத்துக்கொண்டு வாயைத் திறக்கப் பார்ப்பது; நாடி அசையக் கூடாது. கழுத்துக்கும் தோளுக்கும்கூட உண்டு. ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு தரம், நாளைக்கு ஆறு முறை. சிலி நாட்டு இயன் மருத்துவர் மரியானோ ரொகபாடோ வகுத்த முறை. நோ கூடினால் அளவைக் குறைக்கச் சொன்னார்.

ஜனவரி 31
பயிற்சியை விடக் கஷ்டம், மற்ற நேரத்தில் பல்லோடு பல் முட்டாமல் வைத்திருப்பது. உதடு மூடியிருக்கலாம், பல் விலகியிருக்க வேண்டும். மெஷினில் குனிந்து தைக்கும்போது கழுத்து முன்னுக்குப் போகும், பல்லும் தானாக இறுகும், நூலைக் கடிப்பது வேறு. மெஷினில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டியிருக்கிறேன், கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விடுவதற்கு. கத்தரிக்கோலையும் கைக்கெட்ட வைத்தாயிற்று.

பெப்ரவரி 9
கல்லடியில் கலியாண வீடு. முறுக்கும் கஜுவும் வேண்டாமென்று குழைந்த சோறும் தயிரும் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த மாமி, "ஆவென்று நல்லாத் திறந்து விடு மகள், பிடிப்பு விட்டுரும்" என்றா. பாசத்தில் சொன்னதுதான், ஆனால் யாரும் அப்படிச் செய்ய வேண்டாம், பலவந்தமாகத் திறந்தால் நோ கூடும். கொட்டாவி வந்தால்கூட நாடிக்குக் கையைக் கொடுக்க வேண்டும். இரவில் கன்னத்துக்கு வெந்நீர்த் துணி ஒத்தடம் நல்ல சுகம்.

மார்ச் 2
மூன்று விரல் போகிறது! கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர், அது போதும் என்றார் மிஸ். சத்தம் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். நாட்பட்ட தாடை நோவுக்கு, பயிற்றுநர் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியை பிஎம்ஜே மருத்துவ இதழின் 2023 வழிகாட்டுதலும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கல்முனை மச்சாளுக்கும் இதே நோ, குளிசையோடு காலம் தள்ளுகிறா. வாற கிளினிக் நாளில் அவவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.