தண்டின் உட்புறத்தில் இருக்கும் நாடு

விலை உயர்ந்த மூக்குக் கண்ணாடி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது நிறுவனத்தின் முத்திரையை. அடுத்துப் பார்ப்பது, காதில் மாட்டும் தண்டின் உட்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயரை. அங்கே இத்தாலி என்றோ ஜப்பான் என்றோ இருந்துவிட்டால் கொடுத்த பணத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். சீனா என்றிருந்தால் ஏமாந்துவிட்டதாகக் குமுறுகிறோம். ஃபிரேம்கள் மீது எனக்குள்ள பைத்தியத்தை வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்றாலும், அந்தப் பைத்தியத்தால் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது: அந்த ஒற்றைச் சொல்லுக்கு நாம் கொடுக்கும் இடம் மிக அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதிப்படி, ஒரு பொருளின் உருவாக்கம் பல நாடுகளில் நடந்திருந்தால், குறிப்பிடத்தக்க வேலை கடைசியாக எங்கே நடந்ததோ அந்த நாடே அதன் பிறப்பிடமாகக் கொள்ளப்படும். ஆகவே தகடு ஓரிடத்திலிருந்தும் கீல் வேறிடத்திலிருந்தும் வந்திருந்தாலும் இத்தாலியின் பெயரைப் பொறிப்பது சட்டத்துக்கு உட்பட்டதே. வடிவமைப்பிலிருந்து பொட்டலம் கட்டுவது வரை அனைத்தும் தன் மண்ணிலேயே நடந்த பொருட்களைத் தனியே பிரித்துக் காட்ட, 2009-இல் இத்தாலி தனிச் சட்டவிதியே கொண்டுவர வேண்டியிருந்தது. ‘இத்தாலிய வடிவமைப்பு’ என்ற வாசகமோ வேறு ரகம். வரைபடம் எங்கே போடப்பட்டது என்பதைச் சொல்லும், ஃபிரேம் எங்கே அறுக்கப்பட்டது என்பதைப் பற்றி வாய் திறக்காது.

முத்திரையும் ஏறக்குறைய அப்படித்தான். புகழ்பெற்ற ஆடை நிறுவனங்களில் பல, கண்ணாடிகளைத் தாமே செய்யாமல், தம் பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. வட இத்தாலியின் பெல்லூனோ மாகாணத்தில், அகோர்தோ என்ற மலையூரில், 1961-இல் லியோனார்தோ தெல் வெக்கியோ தொடங்கிய லக்சோட்டிகா முதலில் பிறருக்குப் பாகங்கள் செய்து கொடுத்த பட்டறைதான். அதுவே 1988-இல் ஆடை நிறுவனமான அர்மானியின் உரிமத்தைப் பெற்றது. 1999-இல் ரே-பான் என்ற குளிர்கண்ணாடி முத்திரையை அமெரிக்காவின் பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. 1937-இல் அமெரிக்கப் பொருளாகப் பிறந்த ரே-பானின் ஏவியேட்டர் குளிர்கண்ணாடியின் தண்டில் இன்று இத்தாலியின் பெயர் இருப்பது இந்தக் கைமாற்றத்தின் விளைவு. அதே மாகாணத்தின் காதோரே பள்ளத்தாக்கில் 1878-லேயே கண்ணாடித் தொழிற்சாலை எழுந்துவிட்டது. உரிமம் கொடுத்துப் பழகிய பிரெஞ்சுக் குழுமமான எல்விஎம்எச், சொந்தமாகக் கண்ணாடி செய்ய முடிவெடுத்தபோது 2018-இல் தொழிற்சாலையைத் திறந்தது பாரிஸில் அல்ல. இதே மாகாணத்து லொங்காரோனேயில். வேலை தெரிந்த கைகள் அங்கேதான் இருந்தன.

ஜப்பானில் இதற்கு இணையான ஊர் ஃபுகுயி மாநிலத்தின் சபாயே. கடும் பனியில் வயல்கள் புதைந்துவிடும் மாதங்களில் உழவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று 1905-இல் மசுனாகா கொசாயெமோன் என்பவர் ஒசாகாவிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் தேர்ந்த தொழிலாளர்களை வரவழைத்து, தம் கிராமத்து இளைஞர்களுக்குக் கண்ணாடி செய்யக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கற்றுக்கொண்டவர்கள் குழுக்களாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் மிஞ்சும் போட்டியில் தொழிலை வளர்த்தார்கள். இன்று ஜப்பானில் உருவாகும் ஃபிரேம்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த வட்டாரத்திலிருந்தே வருகின்றன. இங்கே ஒரு பட்டறை பற்றவைப்பதை மட்டும் செய்யும், இன்னொன்று மெருகேற்றுவதை மட்டும், வேறொன்று முலாம் பூசுவதை மட்டும். ஒரே ஃபிரேம் பல வாசல்களை ஏறி இறங்கித்தான் முழுமை பெறுகிறது. 1980-களின் தொடக்கத்தில் டைட்டானியத்தை ஃபிரேமாக்கிக் காட்டியதும் இவர்கள்தாம். சூடேறியதும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடும் அந்த உலோகத்தை ஆர்கான் போன்ற வாயுவின் காப்பில்தான் பற்றவைக்க முடியும். அழுத்தி வளைத்தாலும் மீண்டும் பழைய வடிவத்துக்குத் திமிறும் அதைப் பணியவைக்கும் பழக்கம், ஊரின் பெயரை அச்சிடுவதால் வந்துவிடாது.

அசிட்டேட் ஃபிரேம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பஞ்சு, மரக்கூழ் ஆகியவற்றின் செல்லுலோஸிலிருந்து செய்த அசிட்டேட் தகட்டை அறுத்து எடுத்ததானால், ஆமையோட்டு நிறம் மேற்பரப்போடு நின்றுவிடாமல் உள்ளே வரை ஓடும். முகப்பும் தண்டும் சந்திக்கும் மூலையில் விரலை ஓட்டினால் படி தட்டக்கூடாது. இரண்டையும் சேர்த்துவைத்து ஒன்றாக அரம் போட்டவர்களுக்கே அந்தச் சமன் கிடைக்கும். மெருகு என்பது மரத்துண்டுகளோடு உருளையில் போட்டு நாள் கணக்கில் சுழற்றிய பிறகு, துணிச் சக்கரத்தில் கையால் பிடித்துத் தேய்த்து வருவது. அவசரப்பட்டவர்கள் மூக்குப் பாலத்தின் உள்வளைவில் அகப்பட்டுக்கொள்வார்கள், ஏனென்றால் அங்கே சக்கரம் எளிதில் எட்டாது.

இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1849-இல் சீப்பும் பொத்தானும் செய்யத் தொடங்கி, பின்னாளில் அசிட்டேட் தகட்டுக்குப் பெயர்பெற்ற மாட்சுக்கெல்லி இத்தாலிய நிறுவனம். அதன் தகடுகள் சீனத் தொழிற்சாலைகளுக்கும் போகின்றன. ஜெர்மானியக் கீல்களும் அப்படியே உலகம் சுற்றுகின்றன. லக்சோட்டிகாவே சீனாவின் டோங்குவானில் பெரிய தொழிற்சாலை நடத்துகிறது. நல்ல தகட்டை வாங்கி, வேலைக்கு உரிய நாட்களைக் கொடுத்து, சீனாவில் செய்ததை மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலை வைக்கும் சிறு நிறுவனத்தை நான் மதிக்கிறேன். வார்ப்பில் ஊற்றிய பிளாஸ்டிக்கின் மேல் பெரிய பெயரைப் பொறித்து விற்பவரிடம், அவர் எந்த நாட்டில் ஊற்றினாலும், எனக்கு அந்த மதிப்பு வருவதில்லை.

கடையில் நான் கடைசியாகப் பார்ப்பது கீலை. முகப்பின் ஓரத்தில் தெரியும் சிறிய உலோகப் புள்ளிகள், கீலை இறுக்கிப் பிடிக்கும் ஆணிகளின் தலையாக இருக்க வேண்டும். பல ஃபிரேம்களில் அவை வெறும் அலங்காரமாக ஒட்டப்பட்டிருக்க, உண்மையான கீல் சூட்டில் உருகிய அசிட்டேட்டுக்குள் புதைந்திருக்கும். திருப்பி உட்புறத்தைப் பார்த்தால், ஆணி கீலின் தகட்டைத் துளைத்து வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆணியடித்த கீல் தளர்ந்தால், கைதேர்ந்தவர் ஆணியைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் புதிய கீலைப் பொருத்திக் கொடுப்பார். புதைத்த கீல் பிடுங்கிக்கொண்டால் பெரும்பாலும் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டி வரும். அந்த மாதிரியின் உற்பத்தி நின்றுபோயிருந்தால் அதுவும் கிடைக்காது.