ஊர்ப்பெயரில் தொடங்கும் வாழ்க்கை

புலம்பெயர்ந்த பாலஸ்தீனப் பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும் பதிவுகளை நெடுநாளாகப் படித்து வருகிறேன். அவர்களில் பலர் தாம் பிறந்த இடத்தைச் சொல்லித் தொடங்குவதில்லை. "நாங்கள் இன்ன ஊர்க்காரர்கள்" என்றே தொடங்குகிறார்கள். லெபனானின் ஷத்தீலா அகதி முகாமில் பிறந்த பெண்ணுக்கும், இஸ்ரேல் உருவான 1948இல் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வெளியேற நேர்ந்தபோது பாட்டி விட்டு வந்த ஊர்தான், அங்கே இன்று ஒரு சுவர்கூட எஞ்சாவிட்டாலும், சொந்த ஊர். அயல்மண்ணில் வாழ்வதை அவர்கள் 'குர்பா' என்கிறார்கள். ஊரைப் பிரிந்திருப்பதும் அந்நியராக உணர்வதும் அந்த ஒரே சொல்லில் அடங்கும்.

இந்த ஊர்நினைவு பேச்சில் மட்டும் வாழவில்லை. 'தத்ரீஸ்' என்னும் பூத்தையலில் ஒரு காலத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் கோலமும் நிறமும் வேறுபட்டன. அங்கியைப் பார்த்தே அதை அணிந்தவள் எந்தப் பக்கத்துப் பெண் என்று சொல்லிவிடலாம். முகாம்களில் பல ஊர்ப் பெண்கள் அருகருகே வாழ நேர்ந்தபோது கோலங்கள் கலந்தன. 1987இல் இஸ்ரேலின் ஆக்கிரமிப்புக்கு எதிராகத் தொடங்கிய முதல் இன்திஃபாதா என்னும் மக்கள் எழுச்சியின்போது, பாலஸ்தீனக் கொடியைப் பொது இடத்தில் காட்டத் தடையிருந்ததால், அதன் நிறங்களை அங்கியிலேயே தைத்துக்கொண்டார்கள். 2019 ஜனவரியில் பாலஸ்தீன வம்சாவளியினரான ரஷீதா தலைப் அமெரிக்கக் காங்கிரஸில் பதவியேற்றபோது உடுத்திருந்தது அத்தகைய பூத்தையல் அங்கிதான். அதைக் கண்டு எத்தனையோ பெண்கள் தம் அங்கிகளை அணிந்து படம் வெளியிட்டார்கள்.

ஆனால் இவர்களை நினைவின் காவலர்களாக மட்டும் பார்ப்பது அநீதி என்றே கருதுகிறேன். 1950களில் ஆசிரியைகளாகக் குவைத்துக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் இருந்தார்கள். 1991 வளைகுடாப் போரை ஒட்டி அங்கிருந்த பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் வெளியேற நேர்ந்ததால், அங்கேயே வேரூன்றிய குடும்பங்கள் இரண்டாம் முறையாக வீட்டை இழந்தன.

என்னை மிகவும் வருத்துவது அகதிப் பதிவேட்டின் விதி. ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகளுக்கான முகமை, அகதி என்ற தகுதியைத் தந்தைவழியிலேயே பதிகிறது. அகதியல்லாத ஒருவரை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்குச் சேவைகள் கிடைக்கப் பின்னாளில் வழி செய்யப்பட்டது. அகதி என்ற பதிவு மட்டும் இன்றும் அவர்களுக்கு இல்லை. பாட்டியின் ஊர்ப்பெயரை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவளோ அந்தத் தாய்தான்.