அரைக் கட்டை இறங்கிய பீத்தோவன்

பழைய மாணவர் சங்க மலருக்குப் பள்ளி நினைவு எழுதச் சொன்னால் கோட்டை அகழி, பாலாற்று மணல், ஹெட்மாஸ்டர் பிரம்பு என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு மிஞ்சியது நூலக அறையில் இருந்த ரெக்கார்டு பிளேயர்தான்.

எழுபதுகளின் கடைசி, வேலூர் அப்போது வட ஆர்க்காடு மாவட்டத் தலைநகர். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் எங்கள் ஆங்கில ஆசிரியர், விருப்பம் உள்ளவர்களை உட்கார வைத்து இசைத்தட்டு போடுவார். பாதிப்பேர் ஃபேனுக்காக வந்தவர்கள். வேலூர் வெயிலில் அதுவும் ஒரு நியாயமான காரணம்தான். அடிக்கடி ஓடியது பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி, கராயன் நடத்த பெர்லின் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு 1962இல் பதிவு செய்தது. அதிலும் இரண்டாம் பகுதியான அல்லெக்ரெட்டோ என்றால் ஆசிரியருக்கு உயிர்.

கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன். காற்று வாத்தியங்கள் ஓங்கி ஒலித்துத் தேய்ந்து அடங்கும். அப்புறம் வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியங்களான வயோலா, செல்லோ, பேஸ் எல்லாம் கீழே இருந்து 'தாம் தக தாம் தாம்' என்று நடக்கத் தொடங்கும். மெட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதலில் கிட்டத்தட்ட ஒரே சுரம்தான். அந்த நடை மாறாமலே இரண்டாம் வயலின்கள், முதல் வயலின்கள், கடைசியில் மொத்த வாத்தியக் குழு என்று ஆள் சேர்ந்துகொண்டே போகும். ஆசிரியர் அதைச் 'சவ ஊர்வலம்' என்பார். எங்கள் காதிலும் அப்படித்தான் விழுந்தது.

ஒருநாள் ஆர்மோனியத்தை எடுத்துப்போக வந்த பாட்டு வாத்தியார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்ன சுருதி சார்?"

"சிம்பொனி ஏ மேஜர். இந்தப் பகுதி மட்டும் ஏ மைனர்."

"அப்போ ஆறு கட்டை. ஆனா இங்க ஓடறது அஞ்சரை."

கட்டை என்பது நம் ஊர் சுருதிக் கணக்கு: ஆறு கட்டை என்றால் மேல்நாட்டு ஏ, அஞ்சரை அதற்கு ஒரு படி கீழே. சொன்னவர் பெட்டியைத் திறந்து, துருத்தியை இழுத்து, ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினார். ஸ்பீக்கரும் பெட்டியும் ஒட்டிக்கொண்டன. பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு விரலை நகர்த்தியதும் பல்லைக் கூசியது. ஆங்கில ஆசிரியர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அடுத்து நடந்தது அறிவியல் வகுப்பு. தட்டின் ஓரத்தில் காகிதத் துணுக்கு ஒன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினோம். எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும். எங்களுடையது 31ஐத் தாண்டி ஒரு அரைச் சுற்றுக்குள் நின்றுவிட்டது. ரப்பர் பெல்ட் வெயிலில் தொய்ந்து போயிருந்தது. தட்டு நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாகச் சுற்றினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கும். எட்டு நிமிடத்துப் பாட்டு அரை நிமிடம் நீளும். இசைத்தட்டில் காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், சுருதியும் ஒரே கயிற்றில் கட்டியவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும்.

மெட்ராஸ் ரிச்சி தெருவிலிருந்து புது பெல்ட் வந்தது. மாட்டிப் போட்டால், சவ ஊர்வலம் காணோம்! அதே வாத்தியங்கள், அதே 'தாம் தக', ஆனால் நடப்பவர்களுக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருப்பது போன்ற நடை. துக்கம் இல்லாமல் போகவில்லை. இடுப்பு நிமிர்ந்த துக்கம். பாட்டு வாத்தியார் அதில் நடபைரவி ராகத்தையும், நிஷாதம் (நி) ஏறும் இடங்களில் கீரவாணி ராகத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். நடுவில் கிளாரினெட் ஏ மேஜரில் நுழையும்போது, "பாருங்கய்யா, சங்கராபரணம் வந்துட்டுப் போகுது, ஆனா அடியில தாளம் விடல" என்றார். உண்மைதான், பேஸ் வாத்தியங்கள் அங்கேயும் அந்தத் 'தாம் தக'வை விடுவதே இல்லை.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பழைய பெல்ட் கட்சிக்கு ஆங்கில ஆசிரியரே தலைவர்.

பின்னாளில் படித்ததெல்லாம் புது பெல்ட் பக்கம்தான் சாய்ந்தது. அல்லெக்ரெட்டோ என்றாலே ஓரளவு துரிதம். 1817இல் பீத்தோவன் தம் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் (வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவி) எண்களை வெளியிட்டபோது இதற்குப் போட்டது நிமிடத்துக்கு 76 அடி. அந்த வேகத்தில் ஏழரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கராயனே அதைவிடக் கொஞ்சம் நிதானம். 1813 டிசம்பரில் வியன்னாவில், நெப்போலியன் படையுடன் நடந்த ஹானௌ போரில் காயம்பட்ட வீரர்களின் உதவிக்காக நடந்த கச்சேரியில்தான் இந்தச் சிம்பொனி அரங்கேறியது. கூட்டம் இந்தப் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னதாம். சவ ஊர்வலத்தை யார் ஒன்ஸ்மோர் கேட்பார்கள்?

இப்போது கணினியில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடலாம். சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் ஆறு பங்கு குறைத்துக் கேட்டேன்: பழைய நூலக அறை அப்படியே வந்துவிட்டது. வேகத்தைத் தொடாமல் அரைக் கட்டை மட்டும் இறக்கினேன்: ஆர்மோனியம் பக்கத்தில் இல்லாவிட்டால் பத்தில் ஒருவர் கூடக் கண்டுபிடிக்க மாட்டார் என்பேன். இசையின் உணர்ச்சியை மாற்றுவது காலப்பிரமாணம்தான் என்பது என் கட்சி. பாட்டு வாத்தியார் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். சுருதி மாதா என்று ஆரம்பித்திருப்பார்.

பழைய பெல்ட் கட்சிக்காரர்கள் சிலர் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள், யார் என்று அவர்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு விழாவுக்கு அசல், வேகம் குறைத்தது, சுருதி இறக்கியது என்று மூன்று பதிவுகளையும் கொண்டு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.