நுடுட்டு சமவெளியில் அப்பாவோடு

பிப்ரவரி 8, கராட்டு (தான்சானியா)

அப்பா இன்று வந்து சேர்ந்தார். காங்கேயம் வட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அவருக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். நான் தன்னார்வலராக அறிவியல் கற்பிக்கும் மேல்நிலைப் பள்ளியின் பிள்ளைகள் வாசலிலேயே அவரைச் சூழ்ந்துகொண்டு, பெரியவர்களுக்குச் சொல்லும் சுவாஹிலி மரியாதை வணக்கமான "ஷிகாமூ"வைச் சொன்னார்கள். அதற்கு "மரஹபா" என்று மறுமொழி சொல்ல வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தது போதுமாக இருந்தது. இரவு உணவின்போது அவர் கேட்ட முதல் கேள்வி சிங்கத்தைப் பற்றியதன்று. "இங்கே மாட்டுக்கு என்னென்ன சீக்கு வரும், கண்ணு?" என்றார்.

பிப்ரவரி 10, கோரோங்கோரோ

எரிமலை உள்ளிடிந்து உருவான இந்தப் பெரும்பள்ளம் விளிம்பிலிருந்து சுமார் 600 மீட்டர் ஆழமும், அடித்தளத்தில் ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. மூடுபனி விலகியதும் இறங்கினோம். உப்பேரியின் ஓரத்தில் பூநாரைகள், லெராய் காட்டில் நீண்ட தந்தங்களோடு தனித்துத் திரியும் முதிய ஆண் யானைகள், வெகு தொலைவில் ஒரு கறுப்புக் காண்டாமிருகம் என்று நாள் நிறைவாகவே கழிந்தது.

ஆனாலும் அப்பாவின் மனத்தில் தங்கியது ஓட்டுநர் சொன்ன ஒரு செய்திதான். 1962ஆம் ஆண்டு வாக்கில், பெருமழைக்குப் பின் கடிக்கும் ஈக்கள் அளவின்றிப் பெருகி, இங்கிருந்த சிங்கங்களைப் புண்ணாக்கிப் பட்டினியில் தள்ளியதால், கூட்டமே பத்துப் பதினைந்தாகக் குறைந்துவிட்டதாம். இன்றுள்ள சிங்கங்களில் பெரும்பாலானவை அந்தச் சிலவற்றின் வழிவந்தவை. "மாட்டைக் கடிக்கிற அதே ஈதானே?" என்று அப்பா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பிப்ரவரி 12, நுடுட்டு

இன்று பார்த்ததை முழுமையாக எழுதி வைக்க விரும்புகிறேன். கோரோங்கோரோ மலைக்கு மேற்கே, செரங்கெட்டி பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டி, மரமே இல்லாத குட்டைப்புல் வெளி விரிந்து கிடக்கிறது. மழை பெய்தவுடன் மாட்டைப் போன்ற தோற்றமுடைய மான் இனமான வில்டபீஸ்ட் விலங்குகள் லட்சக்கணக்கில் இங்கு வந்து, பெரும்பாலும் பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் கன்று ஈன்றுவிடுகின்றன. அத்தனை கன்றுகள் ஒரே சமயத்தில் தரையில் இருக்கும்போது கழுதைப்புலிகளும் சிங்கங்களும் எவ்வளவு தின்றாலும் பெரும்பகுதி பிழைத்துவிடும் என்பதே இந்த ஒத்திசைவின் பயன்.

"கொறங்காடுதான், கிளுவை வேலி மட்டும் இல்லை" என்றார் அப்பா, எங்கள் பக்கத்து வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தை நினைத்து. பிறகு பைனாகுலரைக் கீழே இறக்கவேயில்லை. ஒரு பெண் வில்டபீஸ்ட் படுத்து எழுந்து, மறுபடி படுத்ததைப் பார்த்ததுமே, "இது இன்னும் கால் மணி நேரத்தில் போட்டுவிடும்" என்று ஓட்டுநரை வண்டியை நிறுத்தச் சொன்னார். சொன்னபடியே முன்கால் குளம்புகள் இரண்டும் முதலில் தெரிந்தன. கன்று வழுக்கி விழுந்தது. தாய் நக்கிக்கொண்டிருக்கும்போதே அது நான்கு முறை விழுந்து, ஏழெட்டு நிமிடத்திற்குள் நின்று, மடியைத் தேடி நடந்தது. எங்கள் ஊர்க் கன்றுகள் எழுந்து நிற்க அரைமணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சீம்பால் குடிக்கும் வரை அப்பா யாரையும் பேசவிடவில்லை. நஞ்சுக்கொடி விழுவதற்காக இரண்டு நரிகள் சற்றுத் தள்ளிக் காத்திருந்தன. அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் எங்கள் வழக்கத்தை நான் சொன்னபோது ஓட்டுநர் மிகுந்த ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார்.

இந்தப் புல்லுக்காக ஏன் இவ்வளவு தொலைவு வர வேண்டும் என்பதற்கும் விடை மண்ணில்தான் இருக்கிறது. அருகிலுள்ள எரிமலைகள் காலங்காலமாக உமிழ்ந்த சாம்பல் படிந்த மண் ஆதலால், புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் மிகுதி. சினை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை வையுங்கள் என்று பணிக்காலம் முழுவதும் ஊர் ஊராகச் சொல்லி வந்தவருக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 13, நுடுட்டு

எங்கள் ஓட்டுநர் மாசாய் இனத்தவர். அவருடைய குடும்பம் மாடு வளர்க்கிறது. இத்தனை நல்ல மேய்ச்சல் இருந்தும் ஒரு மாட்டைக்கூட இங்கே காணோமே என்று அப்பா கேட்டார். வில்டபீஸ்ட் கன்றுகளின் கண்ணீரிலும் மூக்குநீரிலும் ஒரு வைரஸ் வெளிப்படுகிறது. அது அவற்றுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் மாட்டைத் தொற்றினால் கடுங்காய்ச்சல் வந்து கண் மங்கி, பெரும்பாலும் இறந்துவிடும். மேய்ப்பர்கள் பரவலாகப் பயன்படுத்தக்கூடிய தடுப்பூசி இதற்கு இன்னும் இல்லாததால், புல் மிகச் செழித்திருக்கும் இந்த மாதங்களில்தான் மாசாய் மக்கள் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்கிறார்கள். ஆய்வாளர்கள் வைரஸைக் கண்டறிவதற்கு வெகு முன்பே அவர்கள் இந்தத் தொடர்பை அறிந்திருந்தார்கள்.

அங்கிருந்து பேச்சு, மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வைரஸ் நோயான வெக்கை நோய்க்கு (ரிண்டர்பெஸ்ட்) சென்றது. 1880களின் இறுதியில் இத்தாலியப் படையினருக்காகக் கொண்டுவரப்பட்ட மாடுகளோடு ஆப்பிரிக்கக் கொம்பு எனப்படும் கிழக்கு முனையில் நுழைந்த அந்நோய், சில ஆண்டுகளில் மாசாய் நிலத்தை எட்டி மந்தைகளை அழித்து, பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. எருமைகளும் வில்டபீஸ்ட்டுகளும் மடிந்தன. பின்னர் பல பத்தாண்டுகள் இளங்கன்றுகளைத் தொடர்ந்து கொன்றுவந்தது. 1950களிலும் 60களிலும் சுற்றிலுமிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு, ஒரு வில்டபீஸ்ட்டுக்குக்கூட ஊசி போடாமலேயே அவற்றிடமிருந்தும் நோய் மறைந்தது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த கூட்டம், 1970களின் இறுதிக்குள் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது.

அப்பா இதை அறிந்திருக்கவில்லை. ஐஸ் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு, கரைத்த மருந்து கெடுவதற்குள் ஒரு பட்டியையாவது முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையில் கிளம்பியவர் அவர். உலகிலிருந்தே வெக்கை நோய் ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்ட செய்தியை நாளிதழில் வெட்டி எடுத்து இன்றும் வைத்திருக்கிறார். மனிதர் திட்டமிட்டு ஒழித்த நோய்கள் இரண்டே. பெரியம்மைக்கு அடுத்தது இது. அந்த வேலையின் பயன் காட்டு விலங்கு வரை எட்டும் என்று அப்போது யாரும் தம்மிடம் சொன்னதில்லை என்றார். இங்கே பத்து லட்சம் உயிர்கள் மேய்கின்றன என்றால், அதில் மாட்டுக்கு ஊசி போட்ட எளிய பணியாளர்களின் பங்கு பெரிது. வனவிலங்குப் பாதுகாப்பு என்றால் வேலியும் துப்பாக்கிக் காவலும் என்றே பேசிப் பழகிய நாம், இந்தப் பங்கை உரத்துச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிப்ரவரி 16, கராட்டு

தலைமையாசிரியர் மூன்றாம் படிவ மாணவர்களுக்கு வெக்கை நோய் பற்றிப் பேசும்படி அப்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா தமிழில் எழுதித் தருகிறார். நான் ஆங்கிலத்தில் மாற்றுகிறேன். சுவாஹிலிச் சொற்களை என் சக ஆசிரியர் திருத்துகிறார். ஊசி போட்டவர்களைவிட, நம்பி மாட்டைக் கொண்டுவந்து மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டும் என்று சொல்லி, முதல் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளை ஒதுக்கப்பட்டிருக்கிறது.