வெள்ளை ஊற்றின் இருட்டில்

பிப்ரவரி 1, இம்போல்க் பண்டிகை. பழைய கெல்டிக் தெய்வமான பிரிஜிட் தேவிக்கு உரிய நாள். குளிர் விடவில்லை, ஆனால் ஸ்னோட்ராப் பூக்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. என்னுடன் வேலை பார்க்கும் தோழி பல வருடங்களாகப் பேகன் வழியில், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் இயற்கையையும் வணங்கும் வழியில் இருப்பவள். "கிளாஸ்டன்பரிக்கு வருகிறாயா?" என்றாள். கிளம்பிவிட்டேன்.

கிளாஸ்டன்பரி இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள ஊர். அங்கே 158 மீட்டர் உயரக் குன்று, டோர். அதன் அடிவாரத்தில் ஒரு சந்தின் இரு பக்கமும் இரண்டு ஊற்றுகள். ஒன்று சாலிஸ் கிணறு. அதன் நீரில் இரும்பு அதிகம். அது ஓடும் கல்லெல்லாம் செம்பழுப்பு. சிங்க முகத்தின் வாயிலிருந்து வழிவதைக் கை குவித்துக் குடித்தேன். ஆணியை நாக்கில் வைத்தது போல ருசி. மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டேன், கோயில் தீர்த்தம் வாங்கிய பழக்கம். அதைப் பார்த்து அவளும் தெளித்துக்கொண்டாள்.

அப்புறம் வெள்ளை ஊற்று. 1872-இல் ஊர்க் குடிநீருக்காகக் கட்டிய கல் கட்டடம் இப்போது கோயில். மின்விளக்கு இல்லை. மெழுகுவத்தி வெளிச்சம், இடைவிடாத தண்ணீர்ச் சத்தம், பிரிஜிட்டின் சந்நிதி. எனக்குக் கருவறைக்குள் நிற்பது போலவே இருந்தது.

பேகன் வழியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை. அக்டோபர் கடைசியில் வரும் ‘சாவின்’ பண்டிகையில் இறந்தவர்களை நினைப்பார்கள். இம்போல்க்கில் எதைப் புதிதாகத் தொடங்கப் போகிறோம் என்று தோழி தன்னையே கேட்டுக்கொள்வாளாம். ஒன்பது வருடம் அண்ணனுடன் பேசாதவள், போன இம்போல்க்கில் இந்தத் தண்ணீரில் நின்று அவன் பெயரைச் சொன்னாள். மார்ச்சில் போன் செய்தாள்.

"தேவி போன் பண்ணவில்லை, நான்தான் பண்ணினேன். ஆனால் இங்கே நிற்காமல் என்னால் முடிந்திருக்காது" என்றாள். அருள் என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நானும் தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரைதான். மூச்சு நின்றுவிட்டது. பாட்டியின் கடைசி நாட்களில் ஊருக்குப் போகாமல் இருந்ததை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. அங்கே தமிழில், வாய்விட்டுச் சொன்னேன். தோழிக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே சந்தில் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன். இப்போது அது என் பூஜை அலமாரியில், கங்கைச் செம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.